பெயரை மட்டும் நிரப்பினால் கடிதம் தயாராகிற மாதிரி வேர்டில் டெம்ப்ளேட் செய்வது எப்படி? (பங்காளி வீட்டுக் காகிதங்கள்)

முகப்புத்திண்ணை (பள்ளத்தூர்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளத்தூர் வீடு பங்காளிகள் பொதுவில் இருக்கிறது. பங்குக்காரர்களில் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது என் கையில் வந்திருக்கிறது. ஒரே மாதிரியான காகிதங்களைத் திரும்பத் திரும்பத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது.

ஒன்று, பராமரிப்புச் செலவில் அவரவர் பங்கைக் கேட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) போகிற கடிதம். இரண்டாவது, வீட்டைப் படப்பிடிப்புக்கோ கல்யாணத்துக்கோ விடும்போது பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிற சம்மதக் கடிதம். மூன்றாவது, வீட்டை எடுப்பவரோடு போடுகிற ஒப்பந்தம்.

இதுவரைக்கும் வழக்கம், பழைய கோப்பைத் திறந்து பெயர், தேதி, தொகையை மாற்றி வேறு பெயரில் சேமிப்பதுதான். வெளியே கொடுத்து அடித்து வாங்கிய ஓர் ஒப்பந்தத்தில் முதல் பக்கத்தில் புதியவர் பெயரும், மூன்றாம் பக்கத்தில் அதற்கு முன்னால் எடுத்தவர் பெயரும் இருந்தது. கையெழுத்தான பிறகுதான் கண்ணில் பட்டது. அது மறுபடி நடக்கக் கூடாது. மாறாத வாசகம் பூட்டியே இருக்க வேண்டும், மாறுகிற இடங்கள் மட்டும் நிரப்பத் திறந்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் பெயர் போட்டால் எல்லா இடத்திலும் அதுவே வர வேண்டும். என்னிடம் இருப்பது வேர்டு 2019. வழி சொல்லுங்கள்.

கழனிவாசல் டிடிபி:

அண்ணே, நீங்கள் கேட்பது எல்லாமே வேர்டுக்குள் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் யாரும் தொடுவதில்லை. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போய் வலது பக்கப் பட்டியலில் 'டெவலப்பர்' என்பதை டிக் செய்யுங்கள். மேலே புதிதாக ஒரு டேப் வரும். அதில் 'கன்ட்ரோல்ஸ்' என்ற பகுதியில் இருப்பவைதான் நிரப்பும் கட்டங்கள்.

பெயர், ஊர் போன்ற ஒரே வரி விவரத்துக்கு 'ப்ளெயின் டெக்ஸ்ட்' கட்டம் போதும். 'ரிச் டெக்ஸ்ட்' போட்டால் நிரப்புகிறவர் வேறெங்கோ இருந்து ஒட்டும்போது அந்த எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் சேர்ந்து உள்ளே வந்துவிடும். தேதிக்கு 'டேட் பிக்கர்'. மகன், மகள், மனைவி மாதிரி சிலவற்றில் ஒன்று மட்டும் வர வேண்டிய இடத்துக்கு 'டிராப் டவுன்'. பட்டியலில் இல்லாததையும் கையால் அடிக்க விட வேண்டும் என்றால் 'காம்போ பாக்ஸ்'. டிராப் டவுனுக்கும் காம்போவுக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம்.

கட்டத்தை வைத்த பிறகு 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'டைட்டில்' கொடுங்கள். 'வீட்டை எடுப்பவர் பெயர்' என்று கொடுத்தால் நிரப்புகிறவர் கிளிக் செய்தவுடன் கட்டத்தின் தலையில் அது தெரியும். அங்கேயே 'கட்டத்தை நீக்க முடியாது' என்பதற்கும் ஒரு டிக் இருக்கிறது. அதை மறக்காதீர்கள், பேக்ஸ்பேஸைத் தட்டிக் கட்டத்தையே அழித்துவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். உள்ளே சாம்பல் நிறத்தில் வருகிற ஆங்கில வாசகத்தை, 'டிசைன் மோட்' அழுத்திக்கொண்டு, 'இங்கே முழுப் பெயர், இனிஷியலுடன்' என்று தமிழில் மாற்றிவிடலாம்.

கடைசியில் 'சேவ் ஆஸ்' போய் கோப்பு வகையில் 'வேர்டு டெம்ப்ளேட்' தேர்வு செய்யுங்கள். அதன் பிறகு 'ஃபைல், நியூ, பெர்சனல்' என்ற இடத்தில் உங்கள் டெம்ப்ளேட் நிற்கும். அதைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் பெயரிடாத புதுக் கோப்புதான் திறக்கும், மூலம் அப்படியே இருக்கும். மூலத்தையே திருத்த வேண்டும் என்றால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ஓபன்' கொடுக்க வேண்டும். டபுள் கிளிக் செய்தால் புதுக் கோப்புதான் வரும்.

பழைய பத்திரக்காரர் (தேவகோட்டை):

தம்பி, கம்ப்யூட்டர் வேலையை அந்தப் பிள்ளை நன்றாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வாசகத்தைத் திருத்த வேண்டும். நான் பத்திரம் எழுதியே காலத்தைக் கழித்தவன், அதனால் சொல்கிறேன்.

தமிழில் பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும்போது பெயரே மாறுகிறது. அழகப்பன் என்றால் அழகப்பனுக்கு. மெய்யம்மை என்றால் மெய்யம்மைக்கு. சொக்கலிங்கம் என்றால் சொக்கலிங்கத்துக்கு. நீங்கள் கட்டத்துக்குப் பக்கத்தில் 'உக்கு' என்று அடித்து வைத்தால் முதல் ஆளுக்கு 'அழகப்பன்உக்கு' என்றும், மூன்றாம் ஆளுக்கு 'சொக்கலிங்கம்உக்கு' என்றும் வரும். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: பள்ளத்தூரில், புதுவயலில், தேவகோட்டையில், கொத்தமங்கலத்தில். எந்த சாஃப்ட்வேரும் இதை உங்களுக்காகப் பார்த்து மாற்றாது.

அதனால் கட்டம் எப்போதும் எழுவாய் வடிவத்திலேயே நிற்கிற மாதிரி வாக்கியத்தை அமையுங்கள். உருபைத் தாங்குவதற்குப் பின்னால் ஒரு நிலையான சொல் வேண்டும். 'திரு. (பெயர்) அவர்களுக்கு', '(பெயர்) என்பவரிடமிருந்து', '(ஊர்) கிராமத்தில் உள்ள', '(ஊர்) நகரில் வசிக்கும்'. பழைய பத்திரங்களில் 'என்பவர்', 'அவர்கள்', 'மேற்படியார்' என்று அடுக்கியிருப்பதை இன்றைய பிள்ளைகள் வளவளப்பு என்று நினைக்கிறார்கள். அச்சடித்த பாரத்தில் பேனாவால் பெயரை மட்டும் நிரப்பிய காலத்தில் அந்தச் சொற்கள்தான் வாக்கியம் உடையாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

இன்னொன்று. பெயரைப் பத்து இடத்தில் போட வேண்டியதே இல்லை. முதல் பாராவில் 'இதில் எழுதிக் கொடுப்பவர்', 'எழுதி வாங்குபவர்' என்று ஒரு முறை கட்டிவிட்டால், அதற்குப் பிறகு முழுக்க அந்தப் பெயரிலேயே ஓட்டலாம். 'எழுதி வாங்குபவர் தம் சொந்தச் செலவில் மின்கட்டணம் செலுத்த வேண்டியது' என்று போகும். உங்கள் ஒப்பந்தத்தில் மூன்றாம் பக்கத்தில் பழைய ஆள் பெயர் நின்றதற்குக் காரணமே அங்கே பெயர் எழுதியிருந்ததுதான். அங்கே 'உபயோகிப்பவர்' என்று இருந்திருந்தால் மாற்ற மறப்பதற்கு எதுவுமே இருந்திருக்காது.

முகப்புத்திண்ணை:

ஐயா, நன்றி. ஒப்பந்தத்தை எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடி 'வீட்டு உரிமையாளர்கள்', 'உபயோகிப்பவர்' என்று முதல் பாராவில் கட்டிவிட்டு மற்ற இடங்களில் பெயரை எடுத்துவிட்டால், பெயர் வருகிற இடம் மூன்றுதான்: முதல் பாரா, கடைசிக் கையெழுத்துப் பகுதி, இணைப்புப் பட்டியலின் தலைப்பு. இந்த மூன்றும் தானாக ஒன்றாக மாற வழி இருக்கிறதா அக்கா? ஒரு கட்டத்தை நகல் எடுத்து ஒட்டிப் பார்த்தேன். இரண்டும் தனித்தனியாகத்தான் நிற்கின்றன.

கழனிவாசல் டிடிபி:

சாதாரணக் கட்டத்தை நகல் எடுத்தால் அப்படித்தான் ஆகும். இரண்டுக்கும் பின்னால் பொதுவாக ஒரு சேமிப்பிடம் வேண்டும். சுலபமான வழி: 'இன்சர்ட், குயிக் பார்ட்ஸ், டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டி' போனால் ஒரு பட்டியல் வரும். கம்பெனி, மேனேஜர், சப்ஜெக்ட், ஸ்டேட்டஸ் என்று இருக்கும். அதில் 'மேனேஜர்' என்பதை உபயோகிப்பவர் பெயருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பை ப்ராப்பர்ட்டீஸில் தமிழில் மாற்றிவிடலாம். அந்தக் கட்டத்தை எத்தனை இடத்தில் ஒட்டினாலும், ஒன்றில் அடித்துவிட்டு வெளியே கிளிக் செய்தவுடன் எல்லாம் மாறிவிடும். புதுப்பிப்பதற்கு எஃப்9 தட்ட வேண்டியதில்லை.

'ஆத்தர்' என்பதை மட்டும் எடுக்காதீர்கள். வேர்டு அதில் கம்ப்யூட்டர்க்காரர் பெயரைத் தானாகவே போடும்.

இந்தப் பட்டியல் பத்தாது என்றால் 'எக்ஸ்எம்எல் மேப்பிங்' என்று டெவலப்பர் டேப்பிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. சொந்தமாக ஒரு பட்டியல் எழுதி இணைக்கலாம். உங்கள் தேவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த விவரங்கள் கோப்பின் 'இன்ஃபோ' பக்கத்திலும் தெரியும். எதிர்த்தரப்புக்கு அனுப்பும்போது வேர்டு கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

கோவிலூர் வாத்தியார்:

வேர்டு இல்லாதவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன். லிப்ரே ஆபிஸ் ரைட்டர் இலவசம், எங்கள் பள்ளிக் கடிதங்கள் எல்லாம் அதில்தான். 'இன்சர்ட், ஃபீல்ட், மோர் ஃபீல்ட்ஸ்' போய் 'வேரியபிள்ஸ்' பக்கத்தில் 'யூசர் ஃபீல்ட்' என்று இருக்கும். பெயர் ஒன்று கொடுத்து, மதிப்பு ஒன்று கொடுத்து, எத்தனை இடத்தில் வேண்டுமோ அத்தனை இடத்தில் செருகலாம். ஒன்றை டபுள் கிளிக் செய்து மதிப்பை மாற்றினால் எல்லா இடமும் மாறும். வேர்டின் ப்ராப்பர்ட்டி பெயர்களை இரவல் வாங்க வேண்டியதில்லை, நாமே தமிழில் நினைத்த பெயரை வைத்துக்கொள்ளலாம்.

'ஃபங்ஷன்ஸ்' பக்கத்தில் 'இன்புட் ஃபீல்ட்' என்று இன்னொன்று. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்துத் தட்டினால் கடிதத்தில் இருக்கிற நிரப்பும் இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். ஒன்றையும் விட்டுவிட வழியில்லை. வயதானவர்களுக்கு இது ரொம்ப வசதி. கட்டம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம், கேட்கிற கேள்விக்குப் பதில் அடித்தால் போதும்.

முகப்புத்திண்ணை:

அக்கா சொன்ன டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டி வேலை செய்கிறது. மூன்று இடமும் ஒன்றாக மாறுகிறது. ஆனால் வேறொரு தொல்லை. கடிதம் முழுக்க நிர்மலா எழுத்துருவில் 12 அளவில் வைத்திருக்கிறேன். கட்டத்தில் தமிழில் அடித்தால் மட்டும் லதாவாக மாறி, அளவும் வேறாகத் தெரிகிறது. தேர்வு செய்து மாற்றினாலும் அடுத்த புதுக் கோப்பில் மறுபடி அதே.

கழனிவாசல் டிடிபி:

இது தமிழ் அடிக்கிற எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம். வேர்டு தமிழை 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனியாக வைத்திருக்கிறது. அதன் எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கு வைத்ததில் இருந்து வேறு. கன்ட்ரோல் டி தட்டி ஃபான்ட் பெட்டியைத் திறந்து பாருங்கள். மேலே ஆங்கிலத்துக்கு ஒரு வரிசை, அதன் கீழே 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இன்னொரு வரிசை. இரண்டிலும் நிர்மலா, இரண்டிலும் 12.

இதைக் கட்டத்துக்குக் கட்டம் செய்யாதீர்கள். 'நிரப்புவது' என்று ஒரு ஸ்டைல் உருவாக்குங்கள், 'கேரக்டர்' வகையில். அதன் ஃபான்ட் பெட்டியில் இரண்டு வரிசையையும் சரி செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தின் ப்ராப்பர்ட்டீஸிலும் 'காலிக் கட்டத்தில் அடிப்பதற்கு இந்த ஸ்டைல்' என்ற டிக்கைப் போட்டு அதைத் தேர்வு செய்யுங்கள். நான் அந்த ஸ்டைலைத் தடித்த எழுத்தாகவும் வைப்பேன். அச்சானதும் நிரப்பிய இடங்கள் மட்டும் கண்ணில் தனியாகத் தெரியும், கையெழுத்துக்கு முன் சரிபார்க்கிறவருக்கு உதவும்.

உங்கள் பழைய கோப்புகள் பாமினியிலோ வானவில்லிலோ இருந்தால் டெம்ப்ளேட் ஆக்கும் முன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே மட்டும் தமிழ் உருவம். ஒரு கட்டத்தில் யூனிகோடும் சுற்றிலும் பாமினியும் இருந்தால் ஓர் எழுத்துருவை மாற்றிய நிமிடம் பாதிக் கடிதம் படிக்க முடியாமல் போய்விடும். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படியுங்கள். தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, இனியும் பழையதில் புதுக் கோப்பு தொடங்கக் காரணமில்லை.

ஆத்தங்குடிக் கல்:

எனக்கும் இந்த இழை உதவுகிறது, அதனால் ஒரு கேள்வி. நாங்கள் ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்கள். விலைப்புள்ளி அனுப்புவதுதான் தினமும் வேலை. பெயர், ஊர், சதுர அடி, கல் அளவு, டிசைன் படம், தொகை. கண்ணாடியின் மேல் டிசைன் ஊற்றிக் கையால் போடுகிற கல் என்பதால் நிறத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஒரே நாளில் எடுக்க முடியாது, தண்ணீரில் ஊறிக் காய வேண்டும் என்கிற நிபந்தனைகள் எல்லாக் கடிதத்திலும் ஒன்றுதான். இதில் சதுர அடியைப் போட்டால் எத்தனை கல் என்று தானாக வருமா?

கழனிவாசல் டிடிபி:

டிசைன் படத்துக்கு 'பிக்சர்' கட்டம் இருக்கிறது, அதைத் தொட்டால் படம் கேட்கும். ஆனால் கணக்கை வேர்டில் செய்ய வேண்டாம் அண்ணே. வேர்டில் கூட்டல் பெருக்கல் உண்டு, ஆனால் தானாக மாறாது. யாராவது எஃப்9 தட்ட மறந்தால் பழைய தொகையோடு கடிதம் போய்விடும். கணக்கு எக்ஸலில் இருக்கட்டும்.

8 அங்குலக் கல் ஒரு சதுர அடிக்கு 2.25, 10 அங்குலம் 1.44, 12 அங்குலம் 1. 500 சதுர அடித் தளத்துக்கு முறையே 1,125, 720, 500 கல். உடைசலுக்கும் ஓரம் வெட்டுவதற்கும் நீங்கள் வழக்கமாகச் சேர்ப்பதை எக்ஸலிலேயே சேர்த்துவிடுங்கள். வேர்டுக்கு முடிந்த எண் மட்டும் வரட்டும்.

இதற்கு 'மெயில் மெர்ஜ்' சரியாக வரும். முகப்புத்திண்ணை அண்ணனின் முதல் கடிதத்துக்கும் அதுதான். எக்ஸலில் முதல் வரிசையில் தலைப்புகள், அதன் கீழே ஒரு புள்ளிக்கு ஒரு வரிசை: பெயர், முகவரி, பங்கு, தொகை, முன்பாக்கி. வேர்டில் 'மெயிலிங்ஸ்' டேப், 'செலக்ட் ரெசிபியன்ட்ஸ்' வழியாக அந்தக் கோப்பைக் காட்டி, வேண்டிய இடத்தில் 'இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்ட்'. கடைசியில் 'எடிட் இண்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ்' கொடுத்தால் எல்லோருடைய கடிதமும் ஒரே கோப்பில் பக்கம் பக்கமாக வரும். நேரே பிரிண்டுக்குக் கொடுக்காதீர்கள், இந்தக் கோப்பை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

தொகை எக்ஸலில் 1,25,000 என்று அழகாகத் தெரிந்தாலும் கடிதத்தில் 125000 என்று வரும். தேதியும் மாதம் முன்னால் நாள் பின்னால் என்று புரண்டு வரலாம். வேர்டு செல்லின் உள்ளே இருக்கிற மதிப்பைத்தான் எடுக்கிறது, மேலே தெரிகிற வடிவத்தை அல்ல. எக்ஸலிலேயே பக்கத்தில் ஒரு பத்தி வைத்து 'டெக்ஸ்ட்' என்ற ஃபார்முலாவால் எழுத்தாக்கி, அந்தப் பத்தியை இணைத்துவிடுங்கள். தொகையை எழுத்தால் எழுதும் இடத்துக்கும் தனிப் பத்தி வைத்து நீங்களே தமிழில் அடியுங்கள். வேர்டுக்கு எண்ணை ஆங்கிலச் சொல்லாக மாற்றத் தெரியும், தமிழில் தெரியாது.

சிங்கப்பூர் பங்காளி:

முகப்புத்திண்ணை அண்ணே, நானும் இதே மாதிரி ஒரு வீட்டுக்குப் பங்குக்காரன், அந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன். ஊரில் இருந்து வருகிற சம்மதக் கடிதத்தில் என் முகவரி பழசு, பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயருக்கும் கடிதத்தில் இருக்கிற பெயருக்கும் ஒத்துவராது. திருத்தி அனுப்பினால் அடுத்த முறை மறுபடி பழைய முகவரியே வருகிறது. கடிதத்தை அனுப்பும் முன் விவரத்தை எங்களிடமே கேட்டு வாங்குங்கள். கூகுள் ஃபார்ம் ஒன்று போதும். பெயர், முகவரி, வாட்ஸ்அப் எண், தமிழில் பெயர் எப்படி எழுத வேண்டும் என்று தனிக் கேள்வி. பதில்கள் ஷீட்டில் விழும், அதை எக்ஸலாக இறக்கி மெர்ஜுக்குக் கொடுக்கலாம். போனிலேயே நிரப்பிவிடுவோம்.

சம்மதக் கடிதத்தையே நிரப்பும் பிடிஎஃப் ஆக அனுப்பினால் என்ன? எங்கள் ஆபிஸில் எல்லாம் அப்படித்தான்.

கோவிலூர் வாத்தியார்:

ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் பிடிஎஃப் கட்டம் இன்னும் நம்புகிற நிலையில் இல்லை. லிப்ரே ஆபிஸில் இருந்து நிரப்பும் பிடிஎஃப் எடுப்பது சுலபம்தான். ஆனால் கட்டத்துக்குள் தமிழ் அடித்தால் சில போன்களில் கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலுமாகப் பிரிந்து நிற்கிறது, சிலதில் வெறும் பெட்டிகள் தெரிகின்றன. அடிக்கிறவருக்கு ஒழுங்காகத் தெரிந்து, பெறுகிறவருக்கு உடைந்து தெரிந்தால் அது இன்னும் மோசம். விவரம் வாங்க ஃபார்ம், ஆவணம் செய்ய வேர்டு அல்லது ரைட்டர், கையெழுத்துக்கு நிரப்பி முடித்த சாதாரண பிடிஎஃப். இந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

முகப்புத்திண்ணை:

சிங்கப்பூர் அண்ணன் சொன்னபடி விவரத்தை ஃபார்மில் வாங்கிவிடுகிறேன். சம்மதக் கடிதத்தில் இன்னொரு சிக்கல். கையெழுத்துப் போடுகிறவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறும். ஒருவர் காலமானால் அவருடைய பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வருவார்கள். நிறையக் காலி வரிசை விட்டு வைத்தால் அச்சில் அசிங்கமாக இருக்கிறது, ஒப்பந்தத்தில் காலி இடம் விடுவதும் நல்லதில்லை.

கழனிவாசல் டிடிபி:

இதற்கென்றே 'ரிப்பீட்டிங் செக்ஷன்' கட்டம் இருக்கிறது, வேர்டு 2013இல் வந்தது. அட்டவணையில் ஒரே ஒரு வரிசை போட்டு, அதில் பெயர், தகப்பனார் பெயர், ஊர், பங்கு, கையொப்பம் என்று கட்டங்களை வைத்து, அந்த வரிசை முழுவதையும் தேர்வு செய்து ரிப்பீட்டிங் செக்ஷனை அழுத்துங்கள். வரிசையின் வலது ஓரத்தில் சின்ன கூட்டல் குறி வரும். தட்டத் தட்ட அதே கட்டங்களோடு புது வரிசை. ஏழு பங்காளி என்றால் ஏழு வரிசை, காலி வரிசை கிடையாது. வரிசை எண்ணுக்கு ஆட்டோ நம்பர் போட்டால் அதுவும் தானாக ஓடும்.

பூட்டுவதைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். 'ரிவ்யூ, ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போய் 'ஃபில்லிங் இன் ஃபார்ம்ஸ்' தேர்வு செய்து கடவுச்சொல் கொடுத்தால், கட்டத்தைத் தவிர வேறெதையும் தொட முடியாது. டேப் தட்டினால் ஒரு கட்டத்தில் இருந்து அடுத்ததுக்குப் போகும். ஆனால் வரிசை கூட்ட வேண்டிய அட்டவணையைப் பூட்டுக்கு வெளியே வையுங்கள். அட்டவணைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு 'செக்ஷன் பிரேக்' போட்டால், பூட்டும் இடத்தில் 'செலக்ட் செக்ஷன்ஸ்' என்று வரும். அதில் அட்டவணைப் பகுதியின் டிக்கை எடுத்துவிடலாம்.

பழைய பத்திரக்காரர்:

ஆள் எண்ணிக்கை மாறினால் வினையும் மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'நான் சம்மதிக்கிறேன்', 'நாங்கள் சம்மதிக்கிறோம்'. ஒருவர் மட்டும் தனியாகக் கையெழுத்திட்டு அனுப்புகிற கடிதமும், எல்லோரும் சேர்ந்து போடுகிற கடிதமும் ஒரே டெம்ப்ளேட்டில் அடங்காது. இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றிலேயே அடக்க வேண்டும் என்றால் 'கீழே கையொப்பமிடுவோருக்கு இதில் முழுச் சம்மதம்' என்று எழுதுங்கள். ஒருவர் போட்டாலும் பத்துப் பேர் போட்டாலும் வாக்கியம் நிற்கும்.

ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. படப்பிடிப்புக்குச் சில நாள் உபயோகிக்க விடுவதும், மாத வாடகைக்கு ஆள் வைப்பதும் ஒன்றல்ல. முதலாவது அனுமதிப் பத்திரம். இரண்டாவது குத்தகை, வாடகை என்ற கணக்கில் வரும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும், அதனால்தான் ஊரெல்லாம் 11 மாத ஒப்பந்தம் ஓடியது. இப்போது தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரியில் இருந்து நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது. பழைய 11 மாத வாசகத்தையே டெம்ப்ளேட் ஆக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே நீட்டாதீர்கள். டெம்ப்ளேட்டின் ஆபத்தே அதுதான், ஒரு முறை தப்பாக வைத்தால் தப்பும் அச்சு மாறாமல் வந்துகொண்டே இருக்கும். மூல வாசகத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பூட்டுங்கள்.

முத்திரைத்தாளில் அச்சடிப்பீர்கள் என்றால் முதல் பக்கத்தில் மேலே பாதிக்கு இடம் விட வேண்டும். பிள்ளைகள் எண்டர் தட்டித் தட்டி இறக்குவார்கள், ஒரு வரி கூடினால் எல்லாம் நகர்ந்துவிடும்.

கழனிவாசல் டிடிபி:

ஐயா சொன்னதற்கு வழி: ஹெட்டரைத் திறந்து 'டிஃபரண்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' டிக் செய்து, முதல் பக்க ஹெட்டரில் மட்டும் வேண்டிய அளவு உயரம் கொடுத்துவிடுங்கள். அது வாசகத்தைக் கீழே தள்ளும். இரண்டாம் பக்கத்தில் இருந்து சாதாரண அளவு. வாசகத்தில் எத்தனை வரி கூடினாலும் முதல் பக்க இடம் மாறாது.

கண்டனூர் ஆச்சி:

தொடர்ந்து படித்துக்கொண்டு வருகிறேன். தை மாதம் எங்கள் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறோம். பத்திரிகை, சாமான் சிட்டை (சீர்ச் சாமான் பட்டியல்), இசைகுடிமானம் (இரு வீட்டாரும் எழுதிக் கையெழுத்திடும் நகரத்தார் கல்யாண ஒப்பந்தம்) எல்லாவற்றுக்கும் இரண்டு வீட்டு விவரமும் ஒன்றுதான்: பெயர், ஐயா பெயர், ஊர், நகரத்தார் கோவில், அதன் பிரிவு. இவற்றுக்கும் இந்த மாதிரி செய்து வைத்தால் அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு ஆகுமே. தமிழ்த் தேதி எப்படி வரும்?

கழனிவாசல் டிடிபி:

ஆச்சி, டேட் பிக்கரில் தமிழ் மாதம் வராது. ஆங்கிலத் தேதிக்கு அதை வைத்துவிட்டு, தமிழ் மாதம் பன்னிரண்டுக்கும் ஒரு டிராப் டவுன், நாளுக்கு ஒரு கட்டம், ஆண்டுப் பெயருக்கு இன்னொரு கட்டம். பஞ்சாங்கத்தைப் பார்த்து நிரப்புவதுதான் நம்பிக்கையான வழி.

கோவிலுக்கு டிராப் டவுன் வைக்கலாம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது. எழுத்துப் பிழையே வராது. பிரிவுக்குக் காம்போ பாக்ஸ் வையுங்கள். இளையாத்தங்குடியிலும் மாத்தூரிலும் ஏழேழு பிரிவு இருக்கிறது, சில கோவிலுக்கு இந்தக் கட்டமே தேவைப்படாது. கோவிலைத் தேர்ந்தவுடன் அதற்குரிய பிரிவுகள் மட்டும் காட்ட வேண்டும் என்றால் மேக்ரோ (வேர்டுக்குள் ஓடும் சின்ன நிரல்) எழுத வேண்டும், அது வீட்டு உபயோகத்துக்கு வேண்டாத வேலை.

பழைய பத்திரக்காரர்:

பத்திரிகைக்கும் சிட்டைக்கும் செய்யுங்கள் ஆச்சி, நல்லதுதான். இசைகுடிமானத்தை மட்டும் கையால் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரு வீட்டாரும் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் எழுத, பெயரையும் ஊரையும் கோவிலையும் அந்த இடத்திலேயே சரிபார்ப்பதுதான் அதன் பொருள். அச்சடித்துக் கொண்டுவந்து நீட்டினால் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும். டெம்ப்ளேட்டில் நிரப்பி ஒரு வரைவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் அதைப் பார்த்து எழுதினால் பெயர் பிசகாது.

கண்டனூர் ஆச்சி:

சரியாகச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எழுதிய பழைய இசைகுடிமானங்கள் இருக்கின்றன, கையெழுத்தைப் பார்த்தே யார் எழுதியது என்று சொல்லிவிடலாம். அதை விடப் போவதில்லை. வரைவு மட்டும் செய்துகொள்கிறோம்.

முகப்புத்திண்ணை:

மூன்று டெம்ப்ளேட்டும் செய்து முடித்துவிட்டேன். சம்மதக் கடிதத்தை இரண்டாகப் பிரித்தாயிற்று. ஒப்பந்த வாசகம் வக்கீலிடம் போயிருக்கிறது, வந்த பிறகுதான் பூட்டுவேன். 'உரிமையாளர்கள், உபயோகிப்பவர்' என்று மாற்றியதில் ஒப்பந்தமே அரைப் பக்கம் சுருங்கிவிட்டது.

கடைசியாக ஒன்று. பினாங்கில் இருக்கிற பங்காளி ஒருவர் வேர்டு கோப்பாகத்தான் வேண்டும் என்கிறார், அவர் பக்கத்து விவரத்தை அவரே நிரப்பி அச்சடித்துக் கையெழுத்திட்டு அனுப்புவார். அவர் கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்துரு மாறி, பக்கம் தள்ளிப் போகிறது. என்ன செய்வது?

கழனிவாசல் டிடிபி:

'ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ்' பக்கத்தின் அடியில் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போடுங்கள். அதன் கீழே 'இந்தக் கோப்பில் உள்ள எழுத்துகளை மட்டும்' என்ற இன்னொரு டிக் வரும், அதைப் போடாதீர்கள். அவர் புதிதாக அடிக்கப் போகிற எழுத்துகளும் வேண்டும் அல்லவா, முழு எழுத்துருவும் உள்ளே போக வேண்டும். கோப்பின் அளவு கொஞ்சம் கூடும், மின்னஞ்சலில் போகிற அளவுதான். எல்லா எழுத்துருவும் உட்செருக அனுமதி தராது. அதனால் முதலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி, அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு அவருக்கு அனுப்புங்கள்.